வாப்பாட கை வீங்கின கதை



வாப்பாவின் கை பற்றி ஊருக்குள் நாலு விதமாகக் கதை போகிறது. பேஸ்மேக்கரைக் கழற்றும்போது டொக்டர்மார் கை நரம்பை அறுத்துப்போட்டார்கள் என்று ஒரு கதை. கையில் புற்று என்று இன்னொன்று. கண்ணூறு என்று மூன்றாவது. நாலாவதை இங்கே எழுத முடியாது. பள்ளிவாசலில், சந்தையில், பாடசாலை ஸ்டாப் றூமில் கேட்கிறவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லி நாங்கள் களைத்துப்போனோம். அதனால் வீட்டில் எல்லாரும் இருந்து பேசி, ஒரே தரமாக எழுதிப் போடுவோம் என்று முடிவெடுத்தோம். வாப்பாவிடம் கேட்டுத்தான் போடுகிறோம். "எழுதுங்க. என்ட போட்டோவ மட்டும் போடாதீங்க" என்றார்.

கொஞ்சம் நீளமான பதிவு. பேஸ்மேக்கர் வைத்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

வாப்பாவுக்கு 2013இல்தான் முதலில் பேஸ்மேக்கர் வைத்தது. வட்டையில் வரம்பில் நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 34. இதயத்தின் மேலறையில் பிறக்கிற மின் சைகை கீழறைக்கு இறங்கவில்லை என்றார்கள். கொழும்பில் இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்குள் ஒரு சின்னப் பெட்டியை வைத்தார்கள். அதிலிருந்து இரண்டு வயர். அவை தோள்ப்பக்கத்து நாளத்துக்குள் நுழைந்து, மேற்பெருநாளத்தால் இறங்கி, ஒன்று வலச் சோணையறையிலும் மற்றது வல இதயவறையிலும் போய் நிற்கும். ஒரு வயர் அரை மீற்றரைவிடச் சற்று நீளம், தடிப்பு ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர். விஞ்ஞானப் பாடத்தில் நாளம், நாடி என்று படம் கீறிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமே, அந்த நாளத்துக்குள்தான் இது கிடக்கிறது. பெட்டி வெளியே துருத்திக்கொண்டு தெரியும் என்பதால் எல்லாரும் பெட்டியைப் பற்றித்தான் யோசிக்கிறோம். வயரை யாரும் நினைப்பதில்லை. நாங்களும் ஒன்பது வருடமாக நினைக்கவில்லை, நினைக்க ஒரு தேவையும் வரவில்லை.

கை நாளத்தால் இதயத்துக்குப் போகலாம் என்பதை உலகத்துக்குக் காட்டியவர் வேர்னர் போர்ஸ்மன் என்ற ஜெர்மன் நாட்டு இளம் டொக்டர். 1929இல் தன் கை நாளத்துக்குள் தானே ஒரு மெல்லிய குழாயை விட்டு, அதோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய், அது இதயத்தில் நிற்பதைப் படம் எடுத்தார். அந்த நேரம் அவரைத் திட்டினார்கள். 1956இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இதை வாப்பாவிடம் சொன்னபோது, "அவனுக்கு உம்மா வாப்பா இல்லையா?" என்றுதான் கேட்டார்.

2022இல் பெட்டியின் பற்றரி இறங்கியது. பற்றரி என்று சொன்னாலும் பெட்டியை முழுதாகத்தான் மாற்றுவார்கள், பழைய வயர்கள் அப்படியே இருக்கும். மாற்றி ஐந்தாறு மாதத்தில் அந்த இடத்துத் தோல் சிவந்து, மெல்லிசாகி, ஒரு மூலையில் நீர் கசிய ஆரம்பித்தது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. முதல் தரம் வைக்கும்போது இருப்பதைவிட, பெட்டி மாற்றும்போது கிருமி தொற்றும் வாய்ப்புக் கூட என்பது டொக்டர்மார் முன்கூட்டியே சொன்ன விசயம்தான்.

இங்கேதான் பலர் எங்களிடம் கேட்டார்கள்: "கிருமிக்கு மருந்து குடிச்சா சரிதானே, ஏன் எல்லாத்தையும் கழட்டணும்?" சரியாகாது. கிருமி அந்த உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் பாசி போல ஒரு படை கட்டிக்கொள்ளும். மருந்து அதற்குள் போய்ச் சேராது. மருந்தை நிறுத்தியதும் திரும்ப வரும், வயர் வழியாக இரத்தத்துக்கும் இதய வால்வுக்கும் இறங்கும். ஆகவே பெட்டி, வயர் இரண்டும் வெளியே வர வேண்டும்.

பெட்டியை எடுப்பது லேசு. வயர்தான் வேலை. உடம்பு ஒன்பது வருடமாக அந்த வயரைச் சுற்றி நார் போட்டு மூடியிருக்கும். நாளத்தின் சுவரோடும், இதயத்துக்குள்ளும் அங்கங்கே ஒட்டிப் பிடித்திருக்கும். இழுத்தால் வராது, அல்லது வரக்கூடாததையும் சேர்த்துக்கொண்டு வரும். அதனால் வயரின் நடுத்துளைக்குள் ஒரு கம்பியை விட்டுப் பூட்டி, மேலால் ஒரு குழாயைச் சுழற்றிச் சுழற்றி, ஒட்டை கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து எடுக்கிறார்கள். சில இடங்களில் லேசர் குழாயும் பாவிக்கிறார்கள். அனுபவமுள்ள இடங்களில் பாரதூரமான சிக்கல் வருவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஆனால் அந்த ஒன்றிரண்டு, இதயமோ பெருநாளமோ கிழிவது. அதனால்தான் நெஞ்சைத் திறக்கும் சத்திரசிகிச்சைக் குழுவும் பக்கத்தில் தயாராக நிற்கும். இதையெல்லாம் கேட்டுக் கையொப்பம் வைக்கும்போது எங்கள் தம்பியின் கை நடுங்கியது. அல்ஹம்துலில்லாஹ், மூன்று மணித்தியாலத்தில் இரண்டு வயரும் முழுதாக வந்தன. கழுத்து நாளத்தால் தற்காலிக வயர் ஒன்றைப் போட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஊசி மருந்து ஏற்றி, இரத்தத்தில் கிருமி இல்லை என்று உறுதியான பிறகு வலப்பக்கத்தில் புதுப் பேஸ்மேக்கரை வைத்து அனுப்பினார்கள்.

வீடு வந்தபோது ஊரே வந்து பார்த்தது. எல்லாரும் பார்த்தது வலப்பக்கப் புதுக் காயத்தைத்தான். இடப்பக்கம் காய்ந்துவிட்டது, கழற்றியாயிற்று, அந்தப் பக்கக் கதை முடிந்தது என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு.

நாலாம் நாள் லுஹருக்கு வுழூ எடுக்கப் போன வாப்பா, இடக்கை சேட்டை மேலே இழுக்கிறார், முழங்கைக்கு மேலே போகவில்லை. அதே சேட்டு, காலையில் போட்டது. விரல்கள் பொத்துப் பொத்தென்று, மேற்கை பாரமாக, தோல் கொஞ்சம் நீலம் பாரித்தாற்போல. நோவென்று பெரிதாக இல்லை, "கைக்குள்ள சீமெந்து ஊத்தின மாதிரி" என்றார். தோளிலும் நெஞ்சின் இடப்பக்கத்திலும் முன்னே தெரியாத நீலக் கோடுகள் ஓடின. காய்ச்சல் இல்லை.

பின்னேரமே எங்கள் மாமி வந்துவிட்டார். கையில் நோவெண்ணெய்ப் போத்தல். மாமியை ஊரில் எல்லாருக்கும் தெரியும். எத்தனை பிள்ளைகளின் சுளுக்கை உருவி எடுத்த கை அது. வாப்பாவுக்கு நேர் இளையவர், அவர் கையால்தான் வாப்பாவுக்குக் கொழும்பு போகும் முன் கஞ்சி கொடுத்ததும். "ஆஸ்பத்திரில கையைக் கட்டிப் போட்டு வெச்சதுல நரம்பு பிடிச்சிருக்கு. ஒரு தரம் சூடா உருவி விட்டா இறங்கிடும்" என்று பாயை விரித்தார். வாப்பாவும் கையை நீட்டிவிட்டார்.

உண்மையில் இந்தப் பதிவை எழுதக் காரணமே இந்த இடம்தான். வீட்டுக்கு அனுப்பும்போது வார்ட்டில் தந்த துண்டில் ஒரு வரி இருந்தது: கை வீங்கினால், நிறம் மாறினால் உடனே வரவும். ராத்தா அந்தத் துண்டைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தார். அவர்தான் போய் மாமியின் கையைப் பிடித்தார். "மாமி, டொக்டர் பார்க்காம உருவ ஏலாது. உள்ள இரத்தம் கட்டியிருந்தா உருவ உருவக் கழண்டு போய் நெஞ்சில அடைக்கும்" என்றார். மாமி ஒன்றும் சொல்லவில்லை. போத்தலை மூடி, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போனார். மூன்று கிழமை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பெரியவர்களின் அன்பைத் தட்டிவிடுவது எவ்வளவு பாரம் என்பது அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்த நேரம் வேறு வழி இருக்கவில்லை.

அன்று இரவே ஆஸ்பத்திரி. அடுத்த நாள் காலை டொப்ளர் ஸ்கேன். அக்குளிலிருந்து காறை எலும்பு வரை ஓடும் பெரிய நாளத்தில் இரத்தக்கட்டி. காறை எலும்புக்குக் கீழே இருக்கும் பகுதியை எலும்பு மறைப்பதால் அந்த ஸ்கேனில் சரியாகப் பார்க்க முடியாது என்று சீ.ரீ. ஸ்கேனும் எடுத்தார்கள். கட்டி அங்கேயும் நீண்டிருந்தது.

வயரை எடுத்த பிறகு ஏன் கட்ட வேண்டும்? இருக்கும்போது அல்லவா அடைக்க வேண்டும்? எங்களுக்கும் இதே கேள்விதான். இரத்தம் நாளத்துக்குள் உறைவதற்கு மூன்று வகைக் காரணம் உண்டு என்று விர்ச்சோ என்ற ஜெர்மன் மருத்துவ அறிஞரின் பெயரால் இன்றைக்கும் டொக்டர்மாருக்குப் படிப்பிக்கிறார்கள்: நாளத்தின் உட்சுவரில் காயம், ஓட்டம் மந்தமாவது, இரத்தமே இலகுவில் உறையும் நிலைக்கு வருவது. வாப்பாவின் கையில் மூன்றும் இருந்தன. குழாய் சுழன்ற இடமெல்லாம் உட்சுவர் உராய்ந்து போயிருந்தது. நாட்கணக்காகக் கட்டிலில், கையை அசைக்கப் பயந்து கிடந்ததில் ஓட்டம் மந்தம். கிருமித் தொற்றும் சத்திரசிகிச்சையும் இரத்தத்தை உறையும் பக்கம் தள்ளிவிட்டன.

வாப்பா இதை எங்களைவிட வேகமாக விளங்கிக்கொண்டார். "வாய்க்காலுக்குள்ள கன வருசமா ஒரு கம்பு கிடந்தா, அதுல வேர் பிடிச்சு, மண் பிடிச்சு, தண்ணி பக்கத்தால ஒரு வழி பார்த்துப் போயிடும். கம்பை இழுத்து எடுத்தா கரை உரிஞ்சு சேறு கலங்கி, அந்த இடத்துல அடைக்கத்தானே செய்யும்" என்றார். பக்கத்தில் நின்ற டொக்டர் தம்பி சிரித்துவிட்டு, "நான் இனி இப்படித்தான் சொல்லப்போறேன்" என்றார். நெஞ்சில் தெரிந்த நீலக் கோடுகள் அந்தப் பக்க வாய்க்கால்கள்தான். பெரிய வழி அடைபட்டதால் இரத்தம் சின்ன நாளங்களால் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. சிலருக்கு வயர் உள்ளே இருக்கும்போதே நாளம் மெல்ல மெல்ல அடைத்துவிடுமாம். ஆனால் பக்க வழிகள் வளர நேரம் கிடைப்பதால் கை வீங்காது, ஒருவருக்கும் தெரியவும் வராது. திடீரென்று அடைத்தால்தான் இப்படிக் காட்டும்.

நாளத்தில் வரும் இரத்தக்கட்டி என்றால் காலில்தான் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படித்தான். கையில் வருவது பத்தில் ஒன்றோ அதற்கும் குறைவோ. ஆனால் கையில் வந்த கட்டியும் கழன்றால் போகிற இடம் ஒன்றுதான்: வலப்பக்க இதயம், அதைத் தாண்டி நுரையீரல் நாடி. பெரிய கட்டியாக இருந்தால் ஆள் தப்புவது கடினம். திடீரென மூச்சு முட்டுதல், மூச்செடுக்கும்போது நெஞ்சில் குத்து, இருமலில் இரத்தம், மயக்கம், இதில் எது வந்தாலும் கை வீக்கத்தை மறந்துவிட்டு அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

இனி ஊசிக் கதை. இதை எழுதலாமா என்று வீட்டில் இரண்டு நாள் பேசினோம். எழுத வேண்டும் என்றே பட்டது.

கட்டி மேலும் வளராமல் இருக்க முதலில் தோலுக்குக் கீழே போடும் ஓர் ஊசி, எனொக்ஸாபரின். வயிற்றுப் பக்கத்தில் போடுவார்கள். அஸர் நேரம் நேர்ஸ் ஊசியோடு வந்தார். அதற்குக் கொஞ்சம் முதல்தான் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஒருவர் வாப்பாவின் காதில், "ஹாஜியார், இது பன்றியில எடுக்கிற மருந்து, தெரியுமா?" என்று போட்டிருந்தார். வாப்பா சேட்டைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அந்த நேர்ஸ் தங்கச்சிக்குத் தமிழ் குறைவு, வாப்பாவுக்குச் சிங்களம் குறைவு. ஊசிக்குப் பயம் என்று நினைத்து அவர் குழந்தைக்குச் சொல்வது போலச் சமாதானம் சொல்கிறார். வாப்பா பேசவே இல்லை.

சொன்னவர் சொன்னது பொய்யில்லை. ஹெபரின் என்ற மருந்து பெரும்பாலும் பன்றியின் குடலின் உட்சவ்விலிருந்துதான் எடுக்கப்படுகிறது. எனொக்ஸாபரின் அந்த ஹெபரினிலிருந்து செய்வது. முழுக்கச் செயற்கையாகச் செய்த வேறோர் ஊசி, பொண்டபரினக்ஸ் என்று இருக்கிறது. அது அன்று அந்த வார்ட்டில் கையில் இல்லை. டொக்டர் வந்தார், பெரிய மனிதர், கோபிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் இருந்து, இன்றைய இரவைச் சும்மா விட விரும்பவில்லை என்பதை மட்டும் சொன்னார். நாங்கள் எங்கள் பள்ளி மௌலவிக்கு அழைப்பெடுத்து ஸ்பீக்கரில் போட்டோம். அவர் வாப்பாவிடம் எதுவும் சொல்லும் முன் டொக்டரிடம் கேட்டார்: உயிராபத்து உண்மையிலேயே இருக்கிறதா? இதற்கு ஈடான வேறு மருந்து இப்போது கையில் இருக்கிறதா? பிந்தினால் என்ன? மறுமொழியைக் கேட்டுவிட்டு வாப்பாவிடம் பேசினார். அல்பகரா சூறாவின் 173ஆம் வசனத்தில் நிர்ப்பந்தத்துக்கு உள்ளானவருக்கு இருக்கும் விலக்கை ஞாபகப்படுத்தினார். முழுதாக மாறி வேறு பொருளாகிவிட்டது பற்றி அறிஞர்களிடம் இருக்கும் கருத்தையும் சொன்னார். "இதுல குற்றம் இருந்தா சொன்ன என்ட தலையில. நீங்க போடுங்க காக்கா" என்றார். வாப்பா சேட்டைத் தூக்கியபோது மஃரிப் பாங்கு நேரம் கடந்திருந்தது.

அந்த ஒன்றரை மணித்தியாலம் எங்களுக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று எழுத வரவில்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆளில்லை, அது உலமாக்களின் வேலை. நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: நோயாளிக்கு இதைக் காதில் குசுகுசுக்கிறவர், அதோடு சேர்த்து விலக்கையும் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பாதி இல்மை வார்ட்டுக்குள் கொண்டு வராதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு சத்திரசிகிச்சை இருந்தால், போகும் முன்பே மௌலவியிடம் பேசிவைத்துவிடுங்கள். கட்டிலில் வைத்துப் பேசும் கதையல்ல இது.

ஊசி ஆரம்பித்த மூன்றாம் நாள் மற்றச் சோதனை. வலப்பக்கத்தில் புதுப் பெட்டி வைத்த காயம் உப்பி, ஊதா நிறமாகியது. உள்ளே இரத்தம் கசிகிறது. இடப்பக்கம் இரத்தம் உறையக்கூடாது, வலப்பக்கம் உறைய வேண்டும். ஒரே உடம்பு, ஒரே இரத்தம். ஊசியின் ஒரு வேளையைத் தள்ளிவைத்து, வலப்பக்கம் இறுக்கிக் கட்டுப் போட்டு, நேரத்துக்கு நேரம் பேனையால் கோடு போட்டு உப்பல் பெருக்கிறதா என்று பார்த்தார்கள். பெருக்கவில்லை. பெருத்திருந்தால் திரும்ப வெட்டித் திறக்க வேண்டியிருக்கலாம், திறந்தால் திரும்பக் கிருமி, திரும்ப முதலிலிருந்து. அந்த இரவு உம்மா தஸ்பீஹை வைக்கவே இல்லை.

பிறகு குளிசை. வோர்பரின். ஊசியையும் குளிசையையும் குறைந்தது ஐந்து நாள் சேர்த்துக் கொடுத்து, ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை 2க்கு மேல் வந்து நின்ற பிறகு ஊசியை நிறுத்தினார்கள். அந்த இலக்கம் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி வளரும், கூடினால் எங்காவது இரத்தம் கசியும். பரிசோதனை அடிக்கடி தேவைப்படாத புதுக் குளிசைகளும் உண்டு. யாருக்கு எது என்பது சிறுநீரகத்தையும் மற்ற வருத்தங்களையும் பார்த்து டொக்டர் தீர்மானிப்பது.

அடுத்த வதந்தி: "உங்கட வாப்பாக்கு எலிப் பாசாணம் குடுக்கிறாங்களாமே." இதுவும் பாதி உண்மைதான். 1920களில் கனடாவிலும் வட அமெரிக்காவிலும் பழுதான ஒருவகைப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்தன. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் போல் லிங்க் என்பவரின் ஆய்வுகூடம் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்ததுதான் வோர்பரின். 1948இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்து, 1954இல் மனிதருக்கு அனுமதிக்கப்பட்டது. அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு 1955இல் மாரடைப்பு வந்தபோது அவருக்கும் கொடுத்தார்கள். அளவுதான் வித்தியாசம். இதைக் கேட்டு வாப்பா, "ஜனாதிபதி குடிச்சதத்தான் நானும் குடிக்கிறன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இந்த மருந்து கட்டியைக் கரைப்பதில்லை. கட்டி வளராமல் தடுக்கும், கரைப்பது உடம்பின் வேலை. அதற்கு நாள் எடுக்கும், அதனால்தான் குறைந்தது மூன்று மாதம். "ரெண்டு கிழமைல வீக்கம் வத்திட்டு, குளிசைய நிப்பாட்டலாமே" என்று சொல்ல வந்தவர்கள் தயவுசெய்து இந்தப் பந்தியை இன்னொரு தரம் வாசிக்கவும்.

சாப்பாட்டில் கீரைக் கதை வந்தது. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி இதிலெல்லாம் வைட்டமின் கே உண்டு, அது வோர்பரினுக்கு எதிராக வேலை செய்யும். அதற்காக நிறுத்தத் தேவையில்லை. ஒரு கிழமை தினம் தினம், அடுத்த கிழமை ஒன்றுமில்லை என்று இருக்கக்கூடாது, ஒரே அளவாக இருந்தால் போதும், குளிசையை அதற்கேற்ப அளப்பார்கள். உம்மா அதற்கு ஒரு சின்னக் கோப்பையை ஒதுக்கிவைத்தார். கீரைச் சுண்டல் அந்தக் கோப்பையால்தான், அதுவும் கிழமைக்கு மூன்று நாள். கறுஞ்சீரக எண்ணெய், உள்ளி மாத்திரை, வெளிநாட்டிலிருந்து வந்த "இரத்தம் சுத்தமாக்கும்" போத்தல் என்று வந்தவை எல்லாம் அலுமாரியில் இருக்கின்றன. கொண்டு வந்தவர்கள் கோபிக்க வேண்டாம், டொக்டரிடம் காட்டாமல் திறப்பதில்லை என்பது வீட்டுச் சட்டம். நோவுக்கு பார்மசியில் கேட்டு வாங்கும் டிக்ளோபெனக் வகைக் குளிசைகளும் அப்படித்தான். வோர்பரினோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு வரலாம். கிருமிக்குக் குடிக்கும் மருந்துகள் பலவும் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். எங்கே போனாலும் முதலில் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள்.

ஹிஜாமா பற்றியும் கேட்டார்கள். ஹிஜாமாவை நாங்கள் மறுக்கவில்லை, எங்கள் வீட்டிலேயே செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரத்தம் உறையாத மருந்து குடிப்பவரின் தோலைக் கீறக்கூடாது. நேர்மையான ஹிஜாமாக்காரர் முதலே கேட்பார், "இரத்தம் மெலிக்கிற மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?" என்று. கேட்காதவரிடம் போகாதீர்கள்.

கையை என்ன செய்வது என்பதிலும் ஊரில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, அசைக்கவே கூடாது, கழுத்தில் கட்டித் தொங்கப் போடு என்கிறது. மற்றக் கட்சி, உருவி விடு என்கிறது. டொக்டர் சொன்னது இரண்டும் இல்லை. இருக்கும்போது, படுக்கும்போது தலையணை வைத்துக் கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைப்பது. விரல்களை மூடித் திறப்பது, மெல்லிய பந்தொன்றை அமுக்குவது. அந்தக் கையில் ஊசி ஏற்றவோ பிறஷர் பட்டி கட்டவோ விடாமல் இருப்பது. எங்களுக்குச் சிக்கல் என்னவென்றால், வலக்கையும் முழுதாகச் சுகமில்லை. புதுப் பேஸ்மேக்கர் வைத்த பக்கம் சில கிழமைக்கு முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது, புது வயர் இடம் விலகிவிடலாம். தக்பீருக்கு வாப்பா கையை நெஞ்சளவுதான் உயர்த்தினார். ஸுஜூதில் கை ஊன்ற முடியாததால் கதிரையில் தொழுதார். நாற்பது வருடம் முதல் ஸப்பில் நின்றவர், பின்னால் ஓரத்தில் கதிரை போட்டு இருந்ததுதான் அவருக்குக் கைவீக்கத்தைவிட நொந்தது. இளம் பிள்ளைகள் சிலர் எழும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் பின் ஸப்பில் நின்றார்கள். யாரென்று எங்களுக்குத் தெரியும். அல்லாஹ் அந்தப் பிள்ளைகளுக்கு அருள் செய்யட்டும்.

நோன்பும் இடையில் வந்தது. வோர்பரின் நாளுக்கு ஒரு தரம், ஒரே நேரத்தில் குடிப்பது என்பதால், நோன்பு திறந்த பிறகு அதற்கான நேரத்தை டொக்டரே குறித்துக் கொடுத்தார். தண்ணீர் குறைந்தால் இரத்தம் தடிக்கும் என்று, இப்தாருக்கும் சஹருக்கும் இடையில் எத்தனை கிளாஸ் என்று தம்பியின் மகள் கொப்பியில் கோடு போட்டுக் கணக்கு வைத்தாள். முதல் பத்தில் இரண்டு நாள் ஐ.என்.ஆர். பார்க்கப் போனதோடு சரி, முப்பதையும் பிடித்தார்.

மாமி நோன்பின் கடைசிப் பத்தில் வந்தார். கஞ்சிச் சட்டியோடு வந்து, ஒன்றும் பேசாமல் வாப்பாவின் சேட்டுக் கையைச் சுருட்டி, மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் பார்த்தார். தொடவில்லை. "வத்தியிருக்கு" என்றார். பிறகு ராத்தாவிடம், "அந்தத் துண்டுல என்ன எழுதியிருந்ததுண்டு எனக்கு வாசிச்சுக் காட்டு" என்றார். இப்போது தன்னிடம் வீங்கிய கை, கால் என்று வருகிறவர்களிடம், "ஆஸ்பத்திரில ஏதும் செஞ்சதா? வயர், குழாய் ஏதும் போட்டதா?" என்று கேட்டுவிட்டுத்தான் போத்தலைத் திறக்கிறாராம். போன மாதம் ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவருக்கு ஒன்றுமில்லை, வெறும் சுளுக்குத்தான் என்று ஸ்கேனில் வந்தது. மாமி அதற்கும் கவலைப்படவில்லை, சுளுக்கைப் பிறகு எடுத்துக் கொடுத்தார்.

மூன்று மாதம் முடிந்து திரும்ப ஸ்கேன் எடுத்தாயிற்று. கட்டியின் பெரும்பகுதி கரைந்து நடுவால் இரத்தம் ஓடுகிறது, ஓரத்தில் கொஞ்சம் தழும்பாக ஒட்டியிருக்கிறது. அது அப்படியே இருந்துவிடும் என்றார்கள். பாரமான வேலை செய்தால் கை பின்னேரத்தில் கொஞ்சம் உப்பும். நெஞ்சின் நீலக் கோடுகளில் இரண்டு இன்னும் தெரிகின்றன. குளிசையை நிறுத்துவதா, இன்னும் மூன்று மாதம் நீட்டுவதா என்று அடுத்த கிளினிக்கில் சொல்வார்கள்.

ராத்தா கிழமைக்கொரு தரம் தையல் நாடாவால் இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே ஒரே இடத்தில் அளந்து எழுதிவைக்கிறார். ஸ்கேன் எடுத்த அன்று இடது 33, வலது 28 சென்ரிமீற்றர். நேற்று இடது 29, வலது 28. வாப்பா அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு சென்ரிமீற்றருக்காக என்ன வட்டைக்கு விடாம வெச்சிருக்கிறீங்க" என்று சத்தம் போட்டார். விதைப்பு நேரம். வரம்பு வரைக்கும் போகலாம், மண்வெட்டி தொடக்கூடாது என்று தம்பி மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.